அனுபவம் தந்த அறிவும் அமானிதமே

மதீனா மாநகர் பேரீச்சந் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. மக்காவைத் துறந்து அங்கே குடியேறிய பின், அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருநாள் தோட்டங்களின் ஊடே சென்றபோது, மக்கள் மரங்களில் ஏறி ஏதோ செய்துகொண்டிருக்கக் கண்டார்கள். ஆண் மரத்தின் பூம்பாளையை எடுத்துப் பெண் மரத்தின் பாளையில் செருகி மகரந்தம் சேர்க்கும் வேலை அது. வணிகமே வாழ்வாகக் கொண்ட மக்கா நகரத்தாருக்குப் பழக்கமில்லாத தொழில். இதனால் பெரும் பயன் விளையும் என்று தாம் கருதவில்லை என்னும் பொருள்பட அண்ணலார் ஒரு சொல் சொன்னார்கள். அதைக் கேட்ட தோட்டக்காரர்கள் அப்பணியைக் கைவிட்டார்கள். அவ்வாண்டு விளைச்சல் குன்றியது. செய்தி அண்ணலாரின் செவிக்கு எட்டியது. தாம் சொன்னது தம்முடைய எண்ணம் மட்டுமே என்றும், இறைவனின் செய்தியாகத் தாம் அறிவிப்பதை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றும், உலகியல் தொழில்களை அத்தொழிலோரே நன்கு அறிவர் என்றும் அவர்கள் தெளிவுபடுத்தினார்கள். இமாம் முஸ்லிம் அவர்களின் ஹதீஸ் தொகுப்பில் இந்நிகழ்ச்சி பல அறிவிப்புகளாக இடம்பெற்றுள்ளது.

வாசகப் பெருமக்களே! இந்நிகழ்ச்சியைச் சற்றே ஆழ்ந்து எண்ணிப் பாருங்கள். இறைச் செய்தி இறங்கிக்கொண்டிருந்த காலம். அச்செய்தியைப் பெற்ற பெருமானார், மரமேறிப் பிழைக்கும் எளிய தோட்டக்காரரின் கைப்பழக்கத்துக்கு அதற்குரிய மதிப்பை அளித்தார்கள். அத்தோட்டக்காரர் அந்த அறிவை எங்கே பெற்றார்? தந்தையிடம் பெற்றார், பாட்டனிடம் பெற்றார், மரத்தையும் பருவத்தையும் ஆண்டாண்டாகப் பார்த்துப் பெற்றார். இத்தகைய அறிவை இக்கால அறிஞர்கள் மரபறிவு என்றும் நாட்டறிவு என்றும் அழைக்கிறார்கள். கல்விக்கூடத்திலும் ஆராய்ச்சிக் கூடத்திலும், மருத்துவத்திலும் ஊர்ப் பொதுவாழ்விலும் அதற்கு என்ன இடம் என்பது உலகெங்கும் பேசப்படும் வினாவாக இருக்கிறது. இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை நீளும் நம் வடசென்னையில், அவ்வினா மீனவனின் கஞ்சிக் கலயத்திலும் நோயாளியின் படுக்கை அருகிலும் வந்து நிற்கிறது.

பிறர் நம்மை நம்பி ஒப்படைத்த பொருளை அமானிதம் என்கிறோம். முன்னோர் உழைத்துத் தேடி நம்மிடம் விட்டுச் சென்ற அறிவும் ஓர் அமானிதமே. அதற்கு நாம் செய்யவேண்டிய கடமைகள் மூன்று. அறிந்தவரிடம் கேட்டறிய வேண்டும். கேட்டதைச் சோதித்தறிய வேண்டும். அறிவுக்கு உரியவரை மறவாதிருக்க வேண்டும். இம்மூன்றையும் ஒவ்வொன்றாகக் காண்போம்.

கேட்டறிதல்

அறியாதவர்கள் அறிந்தோரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது திருமறையின் போதனை. யாரிடம் கேட்பது? ஹிஜ்ரத் பயணத்தை நினைவுகூருங்கள். குறைஷியர் கொலைவாளோடு தேடிக்கொண்டிருந்த வேளையில், அண்ணலாரும் அபூபக்ர் (ரலி) அவர்களும் வழிகாட்டியாக அமர்த்திக்கொண்டவர் அப்துல்லாஹ் இப்னு உரைக்கித் என்பவர். அவர் அப்போது இஸ்லாத்தை ஏற்றவரல்லர். ஆயினும் பாலைவனத்துத் தடங்களை நன்கு அறிந்தவர், நம்பிக்கைக்கு உரியவர். தம் உயிரையும் தம் தோழரின் உயிரையும் அண்ணலார் அந்த மனிதரின் அறிவை நம்பி ஒப்படைத்தார்கள். வழக்கமான வழியை விடுத்து அவர் கடலோரப் பாதையில் அழைத்துச் சென்றார் என்று புகாரியில் காண்கிறோம். பிற்காலத்தில் அகழ்ப் போரின்போது, பாரசீகரான ஸல்மான் (ரலி) அவர்கள் தம் நாட்டு வழக்கப்படி அகழி தோண்டலாம் என்று கூறிய யோசனையும் அவ்வாறே ஏற்கப்பட்டது. அறிவு எந்த வாசலில் இருந்தாலும் அங்கே சென்று கேட்பதில் இழிவில்லை.

இனி நம்முடைய கடலோரத்துக்கு வருவோம். இங்கே அறிந்தோர் யார்? வலை வீசும் மீனவர்களே. வடக்கிலிருந்து வீசுவது வாடை, தெற்கிலிருந்து தென்றல், கிழக்கிலிருந்து கொண்டல், மேற்கிலிருந்து கச்சான் என்று காற்றுக்குத் திசைவாரியாகப் பெயர் வைத்தவர்கள் அவர்கள். கரையோர நீரோட்டத்துக்கும் அவர்களிடம் பெயர் உண்டு. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை வன்னி என்றும், தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதைத் தெண்டி என்றும் சென்னைக் கரையின் மூத்த மீனவர்கள் சொல்வார்கள். எந்தக் காற்றோடு எந்த நீரோட்டம் சேர்ந்தால் எந்த மீன் கரையை அணுகும், எப்போது வலையை எடுத்துக்கொண்டு திரும்பிவிட வேண்டும் என்பதெல்லாம் அவர்கள் மனப்பாடமாக வைத்திருக்கும் பாடங்கள். பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அரபு மாலுமி இப்னு மாஜித், இந்தியப் பெருங்கடலின் வழிகளையும் விண்மீன்களையும் பருவக் காற்றுகளையும் விரிவாக எழுதி வைத்தார். அவருடைய தந்தையும் பாட்டனாரும் மாலுமிகள். அவர்களிடமிருந்து பெற்றதைத் தம் சொந்த அனுபவத்தோடு ஒப்பிட்டே அவர் நூல் செய்தார். அத்தகைய ஓர் இப்னு மாஜித் நம் குப்பங்களிலும் இருக்கக்கூடும். அவர் எழுதவில்லை, நாம் சென்று கேட்கவில்லை.

கேளாமல் விட்டால் என்ன நேரும் என்பதை இக்கரையின் வரலாறே எடுத்துக்காட்டும். 1870-களில் சென்னைத் துறைமுகத்தின் கட்டுமானம் தொடங்கியது. 1881-ல் புயல் அதைச் சிதைத்தது. பின்னர் மீண்டும் எழுப்பப்பட்டது. ஆண்டின் பெரும்பகுதி இக்கரையில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அந்த நகர்ச்சியைத் தடுத்தது. சுவருக்குத் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்துக் குன்றி, இராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர்க் கரைகளைக் கடல் அரித்தது. ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அங்கே கருங்கல் கொட்டுகிறார்கள். தூண்டில் வளைவுகள் கட்டுகிறார்கள். தெருத்தெருவாகக் கடலுக்குக் கொடுத்த குடும்பங்கள் அங்கே உண்டு. துறைமுகம் நகருக்குச் சோறு போட்டது என்பது உண்மை. அச்சோற்றின் விலையில் பெரும்பங்கை வடகரைக் குடிசைகள் செலுத்தின என்பதும் உண்மை.

எண்ணூர்க் கழிமுகத்தின் கதையைச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் இடம் அது. வடக்கே பக்கிங்காம் கால்வாய் அதைப் பழவேற்காட்டு ஏரியோடு இணைக்கிறது. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் அந்த உவர்நீரில் இறாலும் நண்டும் மடவையும் பெருகின. எங்கே சேறு, எங்கே மணல், எந்தத் திதியில் நீர் ஏறும், எந்தப் பள்ளத்தில் இறால் பதுங்கும் என்பதைக் காட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம், சிவன்படைக்குப்பம் ஆகிய ஊர்களின் மக்கள் காலால் அறிவார்கள். வலையும் படகும் இல்லாத இருளர் மக்கள் நீரில் இறங்கிக் கையாலேயே இறாலைத் தடவிப் பிடிப்பார்கள்.

1970-ல் எண்ணூரில் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. 2017-ல் அது மூடப்பட்டது. 1990-களில் வடசென்னை அனல் மின் நிலையம் வந்தது. 2001-ல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அது காமராஜர் துறைமுகம். மின் நிலையத்தின் நிலக்கரிச் சாம்பலை நீரோடு கலந்து கொண்டுசெல்லும் குழாய்கள் கசிந்து, சாம்பல் கழிமுகத்தில் படிந்தது. படுகை மேடிட்டது; ஆழம் குறைந்தது; இறால் குறைந்தது. இதை முதலில் அளந்த கருவி மீனவரின் முழங்கால்தான். முன்பு இடுப்பளவு நீர் நின்ற இடத்தில் இப்போது முழங்காலளவே நிற்கிறது என்று அவர்கள் சொன்னார்கள். அவர்கள் தொடுத்த வழக்கில், 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, கழிமுகத்தைச் சீர்ப்படுத்த வேண்டும் என்று மின் நிறுவனத்தைப் பணித்தது.

மற்றொரு செய்தியும் கேளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன், கழிமுகத்தின் அடிப்பரப்பில் இதுவரை கண்டிராத ஒரு கருஞ்சிப்பி பாய் விரித்தாற்போல் பரவுவதை மீனவர்கள் கண்டார்கள். அதற்குக் ‘காக்கா ஆழி’ என்று பெயரிட்டார்கள். இது சேற்றை மூடிவிடுகிறது, இறாலுக்கு இடமில்லை, மஞ்சள் மட்டி மறைகிறது என்று முறையிட்டார்கள். பின்னர் ஆராய்ந்தவர்கள், அது அமெரிக்கக் கண்டத்தின் வெப்பக் கடல்களுக்கு உரிய அயல் சிப்பி என்று கண்டார்கள். கப்பல்கள் பாரத்துக்காக ஏற்றிவந்து இறக்கும் கடல்நீரின் வழியே அது வந்திருக்கக்கூடும் என்பது கருத்து. ஆராய்ச்சிக் கூடம் அதற்கு இலத்தீன் பெயர் சூட்டுமுன்பே குப்பம் அதற்குத் தமிழ்ப் பெயர் சூட்டிவிட்டது. கேட்டிருந்தால், நோய் முற்றுமுன்பே மருந்து தேடியிருக்கலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையோடு மணலிப் பகுதியிலிருந்து எண்ணெய் வழிந்து கழிமுகத்தில் கலந்தபோது, படகில் சென்று அதைக் குவளையால் மொண்டவர்களும் இதே மக்கள்தாம்.

மரபறிவு காற்றையும் மீனையும் பற்றியது மட்டுமன்று. மனிதர்கள் தமக்குள் நீதியாக வாழும் முறையும் அதில் அடங்கும். பழவேற்காட்டு ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்கள் சிலவே, மீனவர்களோ பலர். எல்லோரும் ஒரே இடத்தில் பாய்ந்தால் சண்டையும் வரும், ஏரியும் வற்றும். ஆகவே கோட்டைக்குப்பம், நடூர் மாதாகுப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊரார் சீட்டுப் போட்டு, யார் எந்நாளில் எவ்விடத்தில் சுற்றுவலை கட்டுவது என்று முறை வகுத்துக்கொண்டார்கள். வலியவன் எளியவன் என்ற வேறுபாடின்றி முறை சுழன்று வரும். குறையற்ற ஏற்பாடு என்று கூறுவதற்கில்லை. இம்முறைக்கு வெளியே நிறுத்தப்பட்ட பிற மீனவர்கள் தமக்கும் பங்கு கேட்டுப் போராடியதும் உண்டு. ஆயினும், பொதுச் சொத்தை ஒருவரே விழுங்கிவிடக் கூடாது என்ற கருத்தைச் சட்டப் புத்தகம் இன்றி ஓர் ஊர் நடைமுறைப்படுத்தியதைக் கண்டு நாம் கற்றுக்கொள்ள வேண்டும். நீர், புல், நெருப்பு ஆகியவற்றில் மக்கள் அனைவரும் பங்காளிகள் என்று நபிமொழி கற்பிக்கிறதல்லவா!

சோதித்தறிதல்

கேட்டது அனைத்தையும் அப்படியே நம்பிவிடலாமா? கூடாது. தனக்கு அறிவில்லாத ஒன்றைப் பின்தொடர வேண்டாம் என்றும், செவியும் பார்வையும் உள்ளமும் விசாரிக்கப்படும் என்றும் திருமறை எச்சரிக்கிறது. மருத்துவத் துறையில் இவ்வெச்சரிக்கை மிகவும் கடுமையானது. மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்து தீங்கு விளைந்தால், அதற்கு அவரே பொறுப்பாளி என்று நபிமொழி கூறுகிறது. ஸஅத் இப்னு அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் நோயுற்றபோது, அண்ணலார் அவரை ஹாரித் இப்னு கலதா என்னும் மருத்துவரிடம் செல்லுமாறு பணித்தார்கள் என்பதும் அறியத்தக்கது.

யூனானி என்னும் சொல்லுக்கே கிரேக்க நாட்டுடையது என்பது பொருள். புக்ராத், ஜாலினூஸ் என்று அரபியர் அழைத்த கிரேக்க மருத்துவர்களின் நூல்கள் பாக்தாதில் மொழிபெயர்க்கப்பட்டன. அங்கேயே இந்திய மருத்துவ நூல்களும் அரபியாயின. 850-ஆம் ஆண்டளவில் அலீ இப்னு ரப்பன் அத்தபரீ எழுதிய மருத்துவ நூலில் இந்திய மருத்துவத்துக்கென்றே ஒரு பகுதி உண்டு. பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஸ்பெயினில் தோன்றிய இப்னுல் பைத்தார், ஊர் ஊராகச் சென்று மூலிகைகளை நேரில் கண்டு, மக்கள் வழங்கும் பெயர்களையும் கேட்டு, சுமார் 1,400 மருந்துப் பொருள்களைப் பதிவு செய்தார். ஆக, யூனானி மருத்துவம் என்பது பல நாட்டு மரபறிவுகள் ஒன்றையொன்று கேட்டும் சோதித்தும் வளர்ந்த மருத்துவம்.

சென்னை மாகாணத்தில் இதற்கொரு சீரிய வரலாறு இருக்கிறது. 1918-ல் நாட்டு மருந்துகளை ஆராய டாக்டர் கோமன் நியமிக்கப்பட்டார். நாட்டு வைத்தியத்தைப் பற்றி அவர் அளித்த கருத்துகள் வைத்தியர்களையும் ஹகீம்களையும் மனம் வருந்தச் செய்தன. மருந்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் போதுமா, மருத்துவ முறையையே கேட்டறிய வேண்டாமா என்ற குரல் எழுந்தது. 1921-ல் அரசாங்கம் ஒரு குழுவை அமைத்தது. அதன் தலைவர் முகமது உஸ்மான் சாகிப். செயலாளர் கேப்டன் ஜி. சீனிவாசமூர்த்தி. ஆயுர்வேதம், சித்தம், யூனானி ஆகிய மூன்று துறையினரிடமும் குழு வினாக்களை அனுப்பியது. அவரவர் தத்தம் மொழியிலேயே விடையளித்தார்கள். 1923-ல் வெளியான அறிக்கையோடு அந்தச் சாட்சியங்களும் சேர்ந்து அச்சேறின. ஆங்கிலம் அறியாத ஹகீமும் சித்த வைத்தியரும் தம் சொந்தச் சொற்களில் அரசாங்க ஏட்டில் இடம்பெற்றது சிறிய செய்தியன்று. அதன் பயனாக 1924-25-ல் சென்னையில் அரசினர் இந்திய மருத்துவப் பள்ளி தோன்றியது. பிற்காலத்தில் அதன் போக்கு மாறி, 1960-ல் அது கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியாயிற்று. குழுவின் தலைவரான உஸ்மான் 1934-ல் சென்னை மாகாணத்தின் தற்காலிக ஆளுநராகவும் விளங்கினார். தியாகராய நகரின் உஸ்மான் சாலையில் துணி வாங்கச் செல்லும் பல்லாயிரவருள் இவ்வரலாற்றை அறிந்தவர் எத்தனை பேர்?

அந்த மரபின் தொடர்ச்சி இன்று இராயபுரத்திலேயே இருக்கிறது. 1978-ல் மத்திய அரசு யூனானி மருத்துவ ஆராய்ச்சிக்கெனத் தனி மத்தியக் குழுவை அமைத்தது. அதன் மண்டல ஆராய்ச்சி நிலையம் ஒன்று இராயபுரத்தில் மேற்கு மாதா கோயில் தெருவில் இயங்குகிறது. நோயாளிகளுக்குச் சிகிச்சை அளிப்பதோடு, மருந்துகளின் தரத்தை வரையறுப்பதும், தமிழகக் காடுகளில் மூலிகைகளையும் அவற்றைப் பற்றி ஊர் மக்கள் சொல்லும் பயன்களையும் தொகுப்பதும் அத்தகைய நிலையங்களின் பணிகள். 1979-ல் அரும்பாக்கத்தில் அரசு யூனானி மருத்துவக் கல்லூரியும் தொடங்கப்பட்டது. அண்டை வீட்டில் அமானிதம் பாதுகாக்கப்படும் கூடம் இருந்தும், அதன் வாசலை மிதியாதவர்கள் நம்மில் பலர்.

சோதனையின் பயன் என்ன? சீன நாட்டு அம்மையார் தூ யூயூவின் கதை அதை விளக்கும். மலேரியாக் காய்ச்சலுக்கு மருந்து தேடிய அவர், பழைய மருத்துவ ஏடுகளைப் புரட்டினார். நான்காம் நூற்றாண்டில் கோ ஹோங் என்பவர் எழுதிய குறிப்பில், ஒரு மூலிகையைக் காய்ச்சாமல் நீரில் ஊறவைத்துப் பிழியும் முறை கூறப்பட்டிருந்தது. சூடு மருந்தின் வீரியத்தைக் கெடுக்கிறது என்பது அவருக்குப் புலப்பட்டது. குறைந்த வெப்பத்தில் சாற்றைப் பிரித்தெடுத்தார். அதிலிருந்து 1972-ல் கிடைத்த ஆர்ட்டிமிசினின் என்னும் மருந்து கணக்கற்ற உயிர்களைக் காத்தது. 2015-ல் அவருக்கு நோபல் பரிசும் கிட்டியது. ஏடு வழிகாட்டியது; சோதனை உறுதி செய்தது.

நாணயத்தின் மறுபக்கத்தையும் பாருங்கள். ஈஸ்வரமூலி, ஆடுதின்னாப்பாளை முதலியன அடங்கிய மூலிகைக் குடும்பம் பல நாடுகளில் நெடுங்காலமாக மருந்தாகப் பயன்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியம் நாட்டில், உடல் மெலிவதற்காக அக்குடும்பத்துச் செடி கலந்த மருந்தை உண்ட பெண்கள் பலருடைய சிறுநீரகங்கள் கெட்டன. அச்செடிகளில் உள்ள அமிலம் சிறுநீரகத்தை அழிக்கும், புற்றுநோயையும் விளைவிக்கும் என்று பின்னர் உறுதிப்பட்டது. நெடுநாள் வழக்கத்தில் இருந்தது என்பதே தீங்கற்றது என்பதற்குச் சான்றாகாது.

ஆகவே சகோதரர்களே, சகோதரிகளே, ஒன்றைத் தெளிவாகச் சொல்லியாக வேண்டும். சர்க்கரை நோய்க்கும் புற்றுநோய்க்கும் ஒரே புட்டியில் மருந்து என்று கூறி, அதன்மேல் புனிதமான பெயர்களைப் பொறித்து விற்பவர்கள் பெருகிவிட்டார்கள். அப்புட்டியை நம்பி, மருத்துவர் கொடுத்த மருந்தை நிறுத்தியவர்கள் கண்பார்வையையும் காலையும் இழக்க நேரிடும். வரலாற்றுப் பேரறிஞர் இப்னு கல்தூன், 1377-ல் தாம் எழுதிய முகத்திமாவில் இதைப் பற்றி ஆராய்கிறார். அறிவிப்புகளில் காணப்படும் மருத்துவக் குறிப்புகள் அக்கால அரபு மக்களின் அனுபவ வழக்கங்களே என்றும், அண்ணலார் மார்க்கம் கற்பிக்கவே வந்தார்கள் என்றும் அவர் விளக்குகிறார். அதற்கு அவர் காட்டும் சான்று என்ன தெரியுமா? நாம் தொடக்கத்தில் கண்ட அதே பேரீச்ச மர நிகழ்ச்சிதான். நம்பிக்கையோடு ஒருவர் தேனையும் கருஞ்சீரகத்தையும் உண்பதை எவரும் தடுக்கவில்லை. அதைக் காட்டிச் சிகிச்சையைக் கைவிடச் சொல்வதுதான் குற்றம்.

உரியவரை மறவாமை

அமானிதங்களை அவற்றுக்கு உரியவர்களிடம் ஒப்படைக்குமாறு திருமறை கட்டளையிடுகிறது. பொருளுக்கு உரியவர் இருப்பதுபோல் அறிவுக்கும் உரியவர் உண்டு. 1995-ல் அமெரிக்காவில், காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்குத் தனியுரிமை வழங்கப்பட்டது. நம் பாட்டிமார் அறிந்ததற்கு வேறொருவர் பட்டயம் பெற்றார். நம் நாட்டு அறிவியல் தொழில் ஆராய்ச்சி மன்றம் பழைய நூல்களைச் சான்று காட்டி வாதாடியதால், 1997-ல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. எழுதி வைத்திருந்தமையால் நாம் பிழைத்தோம் என்பதைக் கவனியுங்கள்.

உரியவருக்கு உரியது சென்ற நிகழ்ச்சிகளும் உண்டு. அகத்தியமலையில் வாழும் காணிக்காரர்கள், 1987-ல் தம்மோடு காட்டில் நடந்த ஆராய்ச்சியாளர்கள் களைத்தபோது, தாங்கள் உண்ணும் ஒரு செடியின் காயைக் கொடுத்தார்கள். ஆராய்ச்சியாளர்கள் அதை ஆராய்ந்து ‘ஜீவனி’ என்னும் மருந்தை உருவாக்கினார்கள். உரிமத் தொகையில் பாதி காணிக்காரர்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதைப் பெற 1997-ல் அவர்களுடைய அறக்கட்டளை ஒன்று அமைந்தது. பின்னர் இடையூறுகள் எழுந்தன என்றாலும், பங்கு கொடுப்பது முறை என்ற முன்மாதிரி நிலைபெற்றது.

எண்ணூரில் கையால் இறால் பிடிக்கும் இருளரைக் குறிப்பிட்டோம். அதே இனத்தார் பாம்பு பிடிப்பதிலும் வல்லவர்கள். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பின், பாம்புத்தோல் தொழில் நின்று அவர்கள் பிழைப்பிழந்தார்கள். 1978-ல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சை எடுத்து, மீண்டும் காட்டிலே விட்டுவிடுவார்கள். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கான முறிமருந்து தயாராகிறது. வயலில் கடிபட்டு மருத்துவமனையில் உயிர்பிழைக்கும் உழவனின் உடலில், ஏதோ ஓர் இருளரின் கண்கூர்மையும் கலந்திருக்கிறது. 2023-ல் அவர்களுள் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இருவருக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. பள்ளிக்கூடத்துப் படிப்பு அவர்களுக்கு அந்தக் கலையைத் தரவில்லை, காடு தந்தது.

நாம் செய்யக்கூடியது

இவற்றையெல்லாம் அரசாங்கமே செய்யட்டும் என்று கைகட்டி நிற்க வேண்டியதில்லை. அறிவைத் திரட்டிப் பாதுகாக்கும் கலையில் நம் முன்னோர் உலகுக்கே வழிகாட்டினார்கள். ஹதீஸ் கலை அறிஞர்கள் ஒரு செய்தியைக் கேட்டால், முதலில் சொன்னவர் யார் என்று வினவுவார்கள். அவர் யாரிடம் கேட்டார்? நேரில் கேட்டாரா? நினைவாற்றல் உடையவரா? நேர்மையாளரா? அதே செய்தியை வேறு யார் சொல்கிறார்கள்? இத்தனையும் தேர்ந்த பின்னரே ஏட்டில் ஏற்றுவார்கள். இமாம் புகாரி இதற்காகவே நாடு நாடாகப் பயணம் செய்தார்கள். இந்த இஸ்னாத் முறையை நம் கடலோர அறிவுக்கும் கைக்கொண்டால் என்ன?

பள்ளியிலும் மக்தபிலும் பயிலும் பிள்ளைகளிடம் ஒரு குறிப்பேட்டைக் கொடுங்கள். விடுமுறை நாளில் குப்பத்து முதியவரிடமும், வீட்டுப் பாட்டியிடமும், தெருக்கோடி நாட்டு மருந்துக் கடைக்காரரிடமும் சென்று கேட்கட்டும். காற்றின் பெயர், மீனின் பெயர், மூலிகையின் பெயர், அதன் பயன் ஆகியவற்றை எழுதட்டும். சொன்னவர் பெயரும், அவருக்குச் சொன்னவர் பெயரும், ஊரும் நாளும் தவறாமல் எழுதட்டும். மூவரிடம் கேட்டு ஒப்பிடட்டும். முரண்பட்டால் அதையும் குறிக்கட்டும். சொன்னவரின் இசைவின்றி அதை வெளியிட வேண்டாம். அப்பிள்ளைக்குத் தாவரவியலும் புவியியலும் தமிழும் ஒருங்கே கைவரும். தன் பாட்டனும் ஓர் ஆசான் என்ற உணர்வும் உண்டாகும்.

குடும்பத்தில் ஹகீம் இருந்த வீடுகளில், பரணில் பழைய கையேடுகள் கரையானுக்கு இரையாகிக்கொண்டிருக்கக் கூடும். அறிவை மறைத்து வைப்பவருக்கு மறுமையில் நெருப்புக் கடிவாளம் என்ற எச்சரிக்கையை நாம் அறிவோம். அவற்றை எடுத்துத் துடைத்து, யூனானி ஆராய்ச்சி நிலையத்தாரிடமோ கல்லூரியாரிடமோ காட்டுங்கள். படியெடுக்கட்டும், சோதிக்கட்டும். சோதிக்கும்வரை அதிலுள்ளதை எவருக்கும் புகட்டாதீர்கள்.

ஆலைகளிலும் துறைமுகங்களிலும் பொறுப்பான பதவியில் இருப்போர் இப்பக்கத்தை வாசிக்கக்கூடும். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழாய் பதிக்குமுன்பும் சுவர் எழுப்புமுன்பும் அந்நீரில் நிற்பவரை அழைத்துக் கேளுங்கள். கருத்துக்கேட்புக் கூட்டத்தில் அவர் மூன்று நிமிடம் பேசி முடித்ததைக் கேட்டதாகக் கணக்கிட வேண்டாம். அவர் சொல்வது தவறாகவும் இருக்கலாம். அளந்து பார்த்துச் சொல்லுங்கள். ஆனால் அளக்காமலே தள்ளிவிடாதீர்கள்.

ஒரு முதியவர் இறக்கும்போது, எழுதப்படாத ஒரு நூலகம் மண்ணுக்குள் போகிறது. கழிமுகம் மேடிட்டால் அந்நூலகத்தின் பாடங்களுக்குப் பொருளே இல்லாமற்போகும். இறால் இல்லாத நீரில் இறாலின் வழியை எந்தப் பிள்ளைக்குக் கற்பிப்பது? நீரைக் காப்பதும் அறிவைக் காப்பதும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இதை உணர்ந்து, அறிந்தோரிடம் பணிவோடு கேட்கும் உள்ளத்தையும், கேட்டதை நேர்மையோடு தேரும் தெளிவையும், உரியவருக்கு உரியதை அளிக்கும் நீதியையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.